கீச் கீச் இன்சோல்: ஒரு வருஷத்துக்கு அப்புறம்

ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் நான் போட்டு ஓடுகிற அந்த இன்சோலுக்கு விலை குறைத்திருக்கிறார்களாம். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு தம்பி லிங்க் அனுப்பி, "அண்ணா, நீங்க போட்டிருக்கறதுதானே, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு, குதிகாலுக்கு ஒரு கிண்ணம், மேலே ஃபோம், அதற்கும் மேலே துணி. இந்த வகையில் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதிதான்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்கே அதற்கு மனசு வராது.

நான் இதை வாங்கியது குதிகால் வாதத்துக்காக. தெரிந்தவர்களுக்குத் தெரியும்: காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி, ஆணி மேல் மிதித்த மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் நானும் எல்லாரையும் போல ஜெல் இன்சோல்தான் போட்டிருந்தேன். கடையில் கட்டைவிரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்கும், நடந்து பார்த்தால் சுகமாக இருக்கும். ஆனால் ஃபுல் மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் சொச்சம், ஒரு காலுக்குச் சுமார் 20,000 அடி. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. எனக்கு அந்த மெத்தையெல்லாம் பாதி தூரத்திலேயே அமுங்கி, மீதி தூரம் தரையோடுதான் உறவு.

இது வேறு மாதிரி. கையில் எடுத்தால் கல் மாதிரி தெரிகிறது, போட்ட முதல் வாரம் பாத வளைவில் ஏதோ இடறுகிறது. ஆனால் அந்தக் குதிகால் கிண்ணம் இருக்கிறதே, அதை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு. நம் குதிகாலுக்கு அடியிலேயே தடிமனான ஒரு கொழுப்புப் பட்டை இருக்கிறது. இயற்கை கொடுத்த குஷன் அதுதான். தட்டையான இன்சோலில் மிதிக்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஆழமான கிண்ணம் அதைச் சுற்றிப் பிடித்து எலும்புக்கு நேர் கீழே நிறுத்துகிறது. இதைப் புதுசாக மெத்தை போடுவதென்று சொல்லக் கூடாது, இருக்கிற மெத்தையை வேலை வாங்குகிறார்கள். முன்பாதத்தில் ஃபோமை மெல்லிசாக விட்டிருப்பதும் சரியான முடிவு. நெடுந்தூரத்தில் பாதம் வீங்கும், விரலுக்கு இடம் வேண்டும். ஷூவோடு வந்த இன்சோலைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், அதன் மேலேயே போட்டால் குதிகால் ஷூவை விட்டு எழும்பிவிடும்.

எடையா? சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு காலுக்கு 30 கிராம் போலக் கூடுதல். ஷூவில் 100 கிராம் கூடினால் ஆக்சிஜன் செலவு 1 சதவீதம் போலக் கூடும் என்பது பழைய கணக்கு. அப்படியென்றால் இது, பரிசு மேடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பேச வேண்டிய விஷயம். எனக்கில்லை.

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம்.

இது கீச்சிடும். இடது கால் மட்டும். பெசன்ட் நகரில் விடியலுக்கு முன் கிளம்பினால் முதல் சில கிலோமீட்டர் ஒன்றும் இருக்காது. வியர்வை காலில் வழிந்து ஷூவுக்குள் இறங்கியதும் ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கீச். தூங்கிக்கொண்டிருக்கிற தெருநாய்கள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. கூட ஓடுகிற ஒரு சார், "ஷூவுக்குள்ள எலி ஏதாவது வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். ஒரு தடவை கேட்டால் சிரிக்கலாம். ஒவ்வொரு லாங் ரன்னிலும் கேட்கிறார்.

காரணம் எளிது. நாம் மிதிக்கும்போது அந்தத் தகடு கொஞ்சம் வளைந்து விரிகிறது, கால் எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அதன் விளிம்பு ஷூவின் உள்தரையிலும் பக்கச் சுவரிலும் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டுகிறது. ஃபோம் ஈவிஏ என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் என்பதால் தண்ணீரை உறிஞ்சாது. வியர்வை அதைச் சுற்றிக்கொண்டு தகட்டுக்கு அடியில் போய்த் தேங்குகிறது. பாதம் தொடுகிற பக்கத்துக்கு அத்தனை யோசனை செலவழித்தவர்கள், ஷூ தொடுகிற பக்கத்தை அப்படியே வழவழ பிளாஸ்டிக்காக விட்டுவிட்டார்கள். குளிர் ஊரில் காய்ந்த சாக்ஸோடு சோதித்திருப்பார்கள் போலிருக்கிறது. சென்னையில் மே மாதம் ஒரு காலை ஓடவிட்டிருந்தால் போதும்.

நெட்டில் எல்லாரும் சொல்கிற வைத்தியம் பவுடர். இன்சோலுக்கு அடியில் தூவினேன். காய்ந்த நாளில் வேலை செய்கிறது, வியர்த்தால் 10 கிலோமீட்டருக்குள் பசையாகிவிடுகிறது. மருந்துக்கடைத் துணி பிளாஸ்டரை விளிம்பில் ஒட்டியது கொஞ்ச நாள் தாங்கியது. இதற்கிடையில் குதிகாலில் மேல்துணி வேறு பெயர்ந்துகொண்டது. செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். துணியை சொல்யூஷன் போட்டு அழகாக ஒட்டிவிட்டார், இன்றுவரை அசையவில்லை. கீச் சத்தத்தைச் சொன்னதும் புரட்டிப் பார்த்து, "தோல் ஒட்டினா சத்தம் போயிடும், ஆனா இந்த பிளாஸ்டிக்கில் சொல்யூஷன் நிக்காது சார்" என்றார். அரம் போட்டுத் தேய்த்து, மெல்லிசாகச் சீவிய தோல் பட்டை ஒன்றை விளிம்போடு ஒட்டிக் கொடுத்தார். சத்தம் சுத்தமாக நின்றது. அப்புறம் மழைக்காலம் வந்தது, பட்டை சுருண்டு வந்துவிட்டது. பாலிபுரொப்பிலீன் என்கிற இந்த மாதிரி பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். பவுடர் தூவச் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நியாயமாக. வலி போனது இதனால்தானா? ஃபிசியோ கொடுத்த கெண்டைக்கால் பயிற்சியை நான் ஒரு நாள் விடாமல் செய்துகொண்டிருந்தேன். 2006-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, குதிகால் வாதக்காரர்களைப் பிரித்து ஒரு பகுதிக்கு அளவெடுத்துச் செய்த இன்சோல், ஒரு பகுதிக்கு ரெடிமேட், மீதிப் பேருக்குச் சும்மா ஒரு மெல்லிய ஃபோம் என்று கொடுத்துப் பார்த்தது. மூன்று மாதத்தில் முதல் இரண்டு வகைக்கும் கொஞ்சம் பலன். ஒரு வருஷத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அளவெடுத்தது ரெடிமேடை ஜெயிக்கவும் இல்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் குழு 2001-ல் ராணுவத்தினரை வைத்துச் செய்த ஆய்வில், தனக்கு எது சுகமோ அதை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அப்படிப் போட்டுக்கொண்டவர்களுக்குக் காயம் குறைந்தது. எல்லாரும் ஒரே இன்சோலைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆகவே அட்டைப்பெட்டியில் பாதப் படம் போட்டு, தட்டைப் பாதத்துக்கு இது, உயர்ந்த வளைவுக்கு அது என்று காட்டுகிறார்களே, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

ஆக தம்பி, குதிகால் கிண்ணத்துக்கு நூற்றுக்கு நூறு. ஃபோம் இவ்வளவு ஓட்டத்துக்கு அப்புறமும் உட்காரவில்லை. வலியும் திரும்பவில்லை. வாங்காதே. தள்ளுபடி போகவும் மீதி விலை ஒரு சுமாரான ஷூ விலையில் பாதி வருகிறது. அந்தக் காசு கொடுத்துவிட்டு பவுடர் டப்பாவோடு ஓட என்னால் முடியாது, உன்னாலும் முடியாது. கிண்ணம் ஆழமாக இருந்து, அடிப்பக்கத் தகட்டின் மேல் துணியோ ஃபோமோ போர்த்தியிருக்கிற ஒன்றைத் தேடு. கடையில் மேல்பக்கத்தை அமுக்கிப் பார்க்காதே, புரட்டிப் பார். உனக்கு வலியே இல்லையென்றால் எதையும் வாங்காமல் ஷூவோடு வந்ததிலேயே ஓடு.

தள்ளுபடி ஞாயிறு வரைக்கும்தானாம். போகட்டும்.