காணிக்கை ரசீது தரும் கவுன்சலிங் மையம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மனநல ஆலோசனையும் ஆன்மிக வழிகாட்டலும் ஒரே அறையில் ஒரே ஆளிடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். திருச்சியில் அப்படி ஒரு மையத்துக்குப் பத்து அமர்வுகளுக்கென்று 18,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மீதிப் பணம் இன்னும் வரவில்லை.

அம்மா இறந்தபின் எனக்குத் தூக்கமே போய்விட்டது. மனநல மருத்துவர் எஸ்சிடாலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்து, கூடவே பேச்சுச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் பங்குக் கோயிலில் தெரிந்த அக்கா ஒருவர் இந்த மையத்தைக் காட்டினார். நடத்துகிறவர் குருவானவரும் அல்ல, மருத்துவரும் அல்ல. சுவர் முழுக்கச் சட்டமிட்ட சான்றிதழ்கள். ஒருநாள் காத்திருந்தபோது பக்கத்தில் போய்ப் படித்தேன். எல்லாமே இரண்டு நாள், மூன்று நாள் பயிலரங்குகளில் கலந்துகொண்டதற்கானவை.

“மாத்திரையை நம்புகிறவர்களுக்கு விசுவாசம் எப்படி வளரும், சகோதரி?” என்று கேட்டு, மருந்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய சில நாட்களில் தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுத்தது; எழுந்தால் சுற்றியது; பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும் என்பது எந்த மனநல மருத்துவருக்கும் தெரிந்த விஷயம். மையத்துக்காரரிடம் சொன்னபோது, “உள்ளே இருந்தது வெளியேறுகிறது” என்றார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை செபக் கூட்டத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மன்றாட்டு வேளையில் மைக்கைப் பிடித்து, “அண்மையில் தாயை இழந்து, மாமியாரை மன்னிக்க முடியாமல் தவிக்கும் ஒரு சகோதரிக்காக” என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் நாத்தனார் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கணவரோடு போய்க் கேட்டேன். “இது சிகிச்சை அல்ல சகோதரி, ஆன்மிக உறவு. குடும்பமாக மன்றாடுகிறோம்” என்றார். அப்படியானால் அமர்வுக்கு 1,800 ரூபாய் எதற்கு என்று என் கணவர் கேட்டார். “நான் தொழில்முறை ஆலோசகர், ஐயா.” இரண்டு பதிலுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. கேள்வி எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தாவிக்கொள்வதுதான் இவருடைய முழுத் தொழிலும்.

உண்மையில் இரண்டு பக்கத்திலும் நமக்குக் காவல் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை தருபவர்கள் நோயாளியைப் பற்றிய தகவலைக் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருவார். பதிவின்றித் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1992-ஆம் ஆண்டின் சட்டம். (அந்த ஆயிரம் ரூபாய் இவருக்கு ஓர் அமர்வுக் காசுகூட இல்லை.) ஆனால் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்கிறவர்கள் இந்தப் பிடியில் எளிதாகச் சிக்குவதில்லை.

திருச்சபைப் பக்கமும் காவல் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவ அறிக்கையில், கேட்டதைக் குருவானவர் எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் 983-ஆம் சட்டம். ஒருவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா என்று முடிவெடுக்கும்போது அவருக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருக்கும் ஆன்ம குருவின் கருத்தைக் கேட்கவே கூடாது என்று இன்னொரு சட்டம் உண்டு. தியானம் நடத்துபவர் எந்தப் பக்கமும் சாயாமல், இறைவனும் அந்த ஆன்மாவும் நேராக உறவாட வழிவிட வேண்டும் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிவைத்தார். அதாவது, நல்ல வழிகாட்டி குறைவாகப் பேசுவார். மாத்திரை விஷயத்தில் நிச்சயம் வாயைத் திறக்க மாட்டார்.

இப்போது அரசு மருத்துவமனையில் மருந்தை மீண்டும் தொடங்கியிருக்கிறேன். செபத்துக்கு வயதான குருவானவர் ஒருவரிடம் போகிறேன், அவர் பணம் வாங்குவதில்லை, “டாக்டர் என்ன சொன்னார்?” என்றுதான் முதலில் கேட்டார். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416; இலவசம், தமிழிலும் பேசலாம்.

மீதிப் பணத்தைக் கேட்டபோதுதான் ரசீதை எடுத்துப் பார்த்தோம். ‘அன்புக் காணிக்கை’ என்று எழுதியிருந்தது. கட்டணம் என்று இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சிக்கல் இல்லாமல் வழக்குப் போடலாம், காணிக்கை என்றால் இழுபறிதான் என்கிறார் வழக்கறிஞர். நல்லவேளையாக, ‘பத்து அமர்வுக் கட்டணம் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என் கணவரின் கைபேசியில் இருக்கிறது. அதை இணைத்து மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே மையத்தில் பணம் கட்டியவர்கள் இருந்தால், தங்கள் பழைய செய்திகளை அழித்துவிட வேண்டாம்.