ஃபைனல்ஸ் பாஸ் என்று சொல்லி ₹9,600 பிடுங்கிவிட்டான் – பாட்டுப் போட்டி பார்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. இன்றைக்குச் செவ்வாய். ஆத்திரம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். அடங்குகிற வழியைக் காணோம். டிவி பாட்டுப் போட்டியின் ஃபைனல்ஸை நேரில் பார்க்க நான்கு பாஸ் தருகிறேன் என்று ஒருவன் என்னிடம் ₹9,600 வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான். அறுபத்தெட்டு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிவகாசியிலிருந்து சென்னைக்குப் போய், அரங்க வாசலில் நின்று திரும்பி வந்திருக்கிறேன்.

எந்தப் போட்டி, எந்தச் சேனல் என்று எழுதப்போவதில்லை. பாடுகிற பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் கிடையாது. நிகழ்ச்சிக்காரர்கள் பாஸ் விற்கவே இல்லை, அதை வாசலில்தான் தெரிந்துகொண்டேன். ஏமாற்றியது ஒரு ரசிகர் பக்கம். ஒவ்வொரு வாரமும் யார் நன்றாகப் பாடினார்கள், யாருக்கு நடுவர்கள் அநியாயம் செய்தார்கள் என்று எழுதி ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருக்கிற பக்கம்.

எங்கள் வீட்டில் இந்தப் போட்டிகள் வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2006-ல் சூப்பர் சிங்கர் ஆரம்பித்த காலத்திலிருந்து பார்க்கிறோம். எஸ்எம்எஸ்ஸில் ஓட்டுப் போட்ட காலம் அது. அப்பா போன பிறகு அம்மாவுக்கு சனி ஞாயிறு ராத்திரி என்றால் இதுதான். 2018-ல் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டாகவே பாடிப் பட்டம் வாங்கியபோது தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். 2023-ல் சூப்பர் சிங்கர் பெரியவர்கள் பிரிவில் அருணா ஜெயித்தார், அத்தனை சீசன் கழித்துப் பட்டம் வாங்கிய முதல் பெண். அதே வருஷம் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷா பட்டம் வாங்கினாள். அம்மாவுக்கு அதில் அசானியைத்தான் இன்னும் பிடிக்கும். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "படிச்சுப் பாடுறது வேற, இந்தப் புள்ள பாடுறது வேற" என்பார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, கில்மிஷாவின் சுருதி சுத்தம் எனக்குப் பெரிசாகப் பட்டது. இதற்காக நானும் அம்மாவும் ஒரு வாரம் வாதாடியிருக்கிறோம்.

இந்த சீசனில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பொண்ணைப் பிடித்திருந்தது. ஹை பிச்சில் கத்திக் கைதட்டல் வாங்குகிற ரகம் இல்லை. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்றே தெரியாது. சங்கதியை, அதாவது வரிக்குள் வைக்கிற குரல் நெளிவுகளை, இழுத்துக் காட்ட மாட்டாள், போகிற போக்கில் வைத்துவிட்டுப் போவாள். அரையிறுதிக்கு முந்தின வாரம் கீழ் ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த குரலில், ஆரம்பிக்கிற பாட்டு ஒன்றை எடுத்தாள். முதல் இரண்டு வரி ஆர்கெஸ்ட்ரா சத்தத்தில் அமுங்கிப் போனது. நடுவர்கள் "எனர்ஜி பத்தல" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனர்ஜிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கீழ் ஸ்தாயிக்கு மைக்கை ஏற்றி வைக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியே அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட் எழுதினேன்.

பத்து நாள் கழித்து இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. முதல் பதிவே அந்தப் பொண்ணைப் பற்றி. எனர்ஜி குறை இல்லை, மைக்கை ஏற்றவில்லை, கீழ் ஸ்தாயியில் சுருதி அசையாமல் நிற்பதை நடுவர்கள் கவனிக்கவில்லை என்று நான் நினைத்தது அப்படியே இருந்தது. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாட்டைக் காதால் கேட்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்தேன். மெசேஜ் போட்டேன். பதில் உடனே வந்தது. இரண்டு வாரம் பாட்டைப் பற்றித்தான் பேசினோம். பணப் பேச்சே இல்லை. "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவான்.

அதற்கப்புறம்தான் பாஸ் பேச்சு வந்தது. ரசிகர் பக்கங்களுக்குத் தனியாக கோட்டா இருக்கிறது, ஒரு பாஸ் ₹2,400, நாலு பாஸ் ₹9,600 என்றான். நான் யோசித்தேன். அம்மா, நான், அக்கா, அக்கா மகன், ரயில் செலவு வேறு. பார்த்துச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, படி ஏறாத மாதிரி முதல் மூணு வரிசைல பாத்து வெச்சிருக்கேன். வீல்சேர் வேணுமாக்கா?"

அந்த வீல்சேர் என்ற வார்த்தையில்தான் விழுந்தேன். சொந்தத்தில் ஒருவர் அப்படிக் கேட்டதில்லை. அரை மணி நேரத்தில் ₹4,800 அனுப்பினேன். பணம் போன கணக்கு வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுன்டன்ட்" என்றான். "சீட் கன்ஃபர்ம் பண்ணணும்" என்று மீதி ₹4,800-ஐ அன்றைக்கு மாலையே வாங்கிக்கொண்டான்.

பாஸ் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்தது. நான் அச்சகத்தில் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அடித்து வடிவமைக்கிற வேலை, பார்க்கிறவள். லோகோவின் ஓரம் பிசிறடித்திருந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததால் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். வரிசை சி, இருக்கை 14 முதல் 17 வரை.

சனிக்கிழமை ராத்திரி பொதிகை ரயிலில் ஏறி, காலையில் தாம்பரத்தில் இறங்கி, சித்தி மகள் வீட்டில் குளித்துக் கிளம்பினோம். அம்மா அரக்குப் பட்டு கட்டியிருந்தார். அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது. மூன்றரை மணிக்கு வாசலில் நின்றோம். சின்ன மெஷினை வைத்து க்யூஆரை ஸ்கேன் செய்த பையன் இரண்டு தடவை வைத்துப் பார்த்தான், இரண்டு தடவையும் சிவப்பு. "இது எங்க பாஸே இல்லீங்க. நாங்க யாருக்கும் விக்கல. கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா."

ஓரமாகப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் நிற்கிறது. திருவண்ணாமலைக்காரர்கள். அந்த அண்ணன் போனை நீட்டிக் காட்டினார். வரிசை சி, இருக்கை 14. அதே எண், அதே பிசிறு.

அவனுக்குப் போன் போட்டேன். முதலில் "சர்வர் டவுன், பத்து நிமிஷம் நில்லுங்கக்கா." பத்து நிமிஷம் கழித்து "நீங்க கேட் மாறி நிக்கறீங்க, பின்னாடி வாங்க." அம்மாவை அந்த வெயிலில் பின்பக்கம் வரை நடக்க வைத்தேன். அங்கே கேட்டே இல்லை, காம்பவுண்டுச் சுவர். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மெசேஜ் வந்தது: ரீஃபண்ட் வேண்டுமென்றால் ப்ராசஸிங் ₹1,200 கட்டுங்கள், சேர்த்து ₹10,800-ஆகத் திரும்பி வரும். ஒரு பைசா தர மாட்டேன், என் ₹9,600-ஐத் திருப்பிக் கொடு என்று எழுதினேன். பிளாக் செய்துவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பொண்ணின் குரல் கேட்டது. அதே கீழ் ஸ்தாயிப் பாட்டு, முதல் இரண்டு வரி மட்டும். அம்மா நடைபாதைத் திட்டில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "இன்னிக்கு மைக்க ஏத்தி வெச்சிருக்காக" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "விடு தாயி, குரலக் கேட்டாச்சுல்ல" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

அன்றைக்கு ராத்திரி ரயிலில் தூக்கம் வராமல் அந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளை அக்கா மகன் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தப் பொண்ணைப் பற்றி அவன் எழுதியிருந்தானே, அந்த முதல் பதிவு, அதில் ஓரிடத்தில் "சுறுதி" என்று இருந்தது. வல்லின று. வேலையில் நாள் முழுக்கப் பிழை பார்க்கிற கண்ணுக்கு அப்போதுதான் அது பட்டது. என் பழைய கமென்ட்டைத் தேடி எடுத்தேன். கோபத்தில் அவசரமாக அடித்ததில் நானும் "சுறுதி" என்றுதான் எழுதியிருந்தேன். வரிக்கு வரி என்னுடையது. முன்னும் பின்னும் ஒரு வரியைச் சேர்த்து, அவன் கருத்து மாதிரி போட்டிருக்கிறான். மற்ற பதிவுகளும் இப்படி யார் யாரோ மனசாரக் கேட்டு எழுதியதாகத்தான் இருக்கும். பாட்டே கேட்காதவன் அவன்.

திங்கட்கிழமை முழுக்க அலைச்சல். அந்தப் பக்கம் ஓடுகிற செயலியில் புகார் செய்தால், இரண்டு மணி நேரத்தில் "எங்கள் விதிமுறைகளை இந்தப் பக்கம் மீறவில்லை" என்று பதில். பணம் அனுப்பிய ஆப்பில் ஆளே இல்லை, மெஷின்தான் பேசுகிறது. வங்கிக் கிளையில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே "நீங்களாத்தான பின் போட்டு அனுப்பினீங்க?" என்று கேட்டார். ஆமாம், நானாகத்தான் போட்டேன். அதற்காக ₹9,600 அவனுக்குச் சொந்தமாகிவிடுமா? சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசியபோதுதான் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். வாசலில் தெரிந்த அந்த நிமிஷமே கூப்பிட்டிருந்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்றார். நான் அந்த நேரத்தில் அவன் சொன்ன கேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மதிய ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நிகழ்ச்சியின் சொந்தப் பக்கத்தில் அறிவிப்பு இல்லாமல் பாஸ் என்று யார் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள். பேசுகிறவன் பெயரும் பணம் போகிற பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தர யாராவது பணம் கேட்டால் அது இரண்டாவது திருட்டு. தெரிந்த உடனே 1930. பணம் அனுப்பிய ரசீதில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், அதையும் பேசிய மெசேஜையும் அழிக்காமல் வையுங்கள், புகாருக்கு அதைத்தான் கேட்கிறார்கள்.

எனக்குப் புகார் எண் வந்திருக்கிறது. ₹9,600 வரவில்லை.

அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று காலை அக்கா மகன் போனில் பார்த்தேன். அடுத்த சீசன் ஆடிஷனுக்கு "நேரடி என்ட்ரி", ஒரு பிள்ளைக்கு ₹3,500 என்று புதுப் பதிவு. கீழே பதினேழு பேர் "டீடெயில்ஸ் ப்ளீஸ்" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் மகள் பாடுகிற வீடியோவையே போட்டிருக்கிறார். அதற்கு அவன் பதில் போட்டிருக்கிறான்: "செம வாய்ஸ்க்கா, இன்பாக்ஸ் வாங்க."