கிளினிக் கொப்பியிலிருந்து கணினிக்கு: சில வருடப் பாவனைக்குப் பிறகு

அம்பாறைக் கரையோரத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் மெடிக்கல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். நோயாளர் பதிவுகளைக் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. வைத்தியசாலைக்குள் மட்டும் பார்த்தால் இந்த சிஸ்டத்தை மனதாரப் பாராட்டுவேன். லேப் ரிப்போர்ட் தேடி ஆள் அனுப்ப வேண்டியதில்லை. கையெழுத்து விளங்காமல் பாமசியிலிருந்து சீட்டுத் திரும்பி வருவதில்லை. பெனிசிலின் ஒவ்வாமையை ஒருமுறை பதிந்தால் அடுத்த முறையும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

நோயாளி வேறொரு வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும்போதுதான் சிக்கல். தம்பிலுவில் பக்கமிருந்து வரும் ஒரு அம்மா, மாரி வெள்ளத்துக்குப் பிறகு வந்து சொன்னார்: "கொப்பி வெள்ளத்தில போயிட்டு மகன். வெள்ளைக் குளிசை ரெண்டு, மஞ்சள் ஒண்டு, காலையில போடுற." வெள்ளைக் குளிசை சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோமினாகவும் இருக்கலாம், பிரஷர் மருந்தாகவும் இருக்கலாம். அவர் போன மற்ற வைத்தியசாலையில் கொடுத்த மருந்து அங்குள்ள கணினியில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் திரைக்கு வர வழியில்லை.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். சுகாதார இலக்கம் கொடுக்கிறோம், அட்டையைக் கொண்டுவராதவருக்கு இன்னொன்றும் கொடுத்துவிடுகிறோம். பெயரை வைத்துத் தேடினால், பரமேஸ்வரியை ஆங்கிலத்தில் 'வீ' போட்டு எழுதினால் ஒருவர், 'டபிள்யூ' போட்டால் இன்னொருவர். தேசிய அடையாள அட்டையிலும் பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வருவது 12 இலக்கம். ஆனால் பழையதைப் புதியதாக மாற்ற நிலையான விதி உண்டு: 65 என்ற தொடக்கம் 1965 ஆகும், நடுவில் ஒரு பூச்சியம் சேரும், கடைசி எழுத்து போய்விடும். இதை சிஸ்டமே செய்து இரண்டு பதிவையும் பக்கத்தில் காட்டினால் பாதித் தலையிடி தீரும்.

அடுத்தது அலகு. இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வெளி லேப்பில் சீனி 148 என்று வரும், அது டெசிலீற்றருக்கு மில்லிகிராம். இன்னொரு லேப்பில் 8.2, லீற்றருக்கு மில்லிமோல். இரண்டும் ஒரே அளவுதான், 18ஆல் வகுத்துப் பாருங்கள். அலகை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் வாங்கும் சிஸ்டம், சீனி திடீரென்று விழுந்ததாக வரைபடம் போடும். லேப் பரிசோதனைகளுக்கான சர்வதேசக் குறியீடான லொயின்க்கில் (LOINC) இரண்டுக்கும் வெவ்வேறு எண் இருக்கிறது: 2345-7, 14749-6. குறியீடும் அலகும் சேர்ந்து வராத முடிவை ஏற்கவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இணைக்கச் சொல்லவில்லை. வெவ்வேறு சிஸ்டங்கள் நோயாளர் தகவலைப் பரிமாறுவதற்கான ஃபயர் (FHIR) தரத்தில் 'சர்வதேச நோயாளர் சுருக்கம்' என்று ஒன்று உண்டு. அதில் கட்டாயமான பகுதிகள் மூன்றுதான்: மருந்துகள், ஒவ்வாமைகள், நோய்களின் பட்டியல். எங்கள் கிளினிக்குக்கு அந்த மூன்றும் வந்தாலே பெரிய உதவி. யார் எப்போது திறந்து பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளையின் விபரம் ஊருக்குத் தெரியவந்தால் அந்தக் குடும்பம் கிளினிக் பக்கமே வராது.

மின்சாரமும் இணையமும் போகும் மாரி நாட்களுக்காக, மருந்துப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பதை நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

புதிய சிஸ்டம் வாங்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விற்பவரின் திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாதிரி நோயாளி ஒருவரின் பதிவை அதிலிருந்து வெளியே எடுத்து, வேறொரு கம்பனியின் சிஸ்டத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மருந்தின் அளவும் சீனியின் அலகும் மாறாமல் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.