ஃபோர்டு 8என் டிராக்டர்: பாயிண்ட்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?

தமிழ்நாட்டு வயல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே விநோதமாகப் படலாம். நாம் பழகிய மாசி ஃபெர்குசன் முதலான டிராக்டர்கள் எல்லாம் டீசலில் ஓடுபவை. அவற்றில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. ஆனால் அந்த மாசி ஃபெர்குசனின் பரம்பரையில் சற்றுப் பின்னால் போனால் பெட்ரோலில் ஓடிய ஒரு சாம்பல் நிற வண்டி நிற்கும். ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாட்டில் 1939-இல் பிறந்த ஃபோர்டு 9என் அது. உடன்பாடு முறிந்த பிறகு ஃபோர்டு தனியாக 1947 முதல் 1952 வரை தயாரித்தது 8என். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றுப்போன அந்த வண்டி இன்றும் அமெரிக்கப் பண்ணைகளில் புல் வெட்டுகிறது, பனி தள்ளுகிறது. மிச்சிகனில் என் கொட்டகையிலும் 1949-ஆம் ஆண்டு வண்டி ஒன்று நிற்கிறது.

பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்குப் பழைய பாயிண்ட் என்ற தொடுமுனைகளோடு ஓட்டுவதா, அதற்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் மாட்டுவதா என்ற விவாதம் 8என் வைத்திருப்பவர்களிடையே ஓய்ந்ததே இல்லை. இரண்டையும் என் வண்டியிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். கம்பிச்சுருளான காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான கணத்தில் துண்டிக்க வேண்டும். துண்டிக்கும்போதுதான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. பாயிண்ட்டில், சுழலும் ஷாஃப்ட்டின் மேடுகளான கேம் ஒரு சிறு கையைத் தள்ளி இரண்டு உலோகப் பொட்டுகளைப் பிரிக்கிறது. கிட்டில், ஷாஃப்ட்டில் மாட்டிய காந்த வளையத்தை ஹால் சென்சார் உணர்ந்து, டிரான்சிஸ்டர் வழியாகத் துண்டிக்கிறது. பாயிண்ட்டும், அதன் பொட்டுகள் கருகாமல் காக்கும் கண்டன்சரும் வெளியே வந்துவிடும். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் ரோட்டாரும், காயிலும் அப்படியே இருக்கும்.

கார்க்காரர்கள் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குச் சொல்லும் முதல் பெருமை, அதிவேகத்தில் பாயிண்ட் துள்ளும், சென்சார் துள்ளாது என்பது. டிராக்டருக்கு இது பொருந்தாது. 8என் புல் வெட்டும்போது எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 1500 சுற்றுதான் சுற்றுகிறது. நான்கு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 50 பொறி. நல்ல பாயிண்ட் இதைச் சிரமமே இல்லாமல் செய்யும். கிட் மாட்டியதும் வண்டிக்குப் புது பலம் வந்தது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் அதற்கு முன் தேய்ந்த பாயிண்ட்டோடு ஓட்டியவர்கள்.

பாயிண்ட்டின் உண்மையான எதிரிகள் ஈரமும் தேய்மானமும். கேமை உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது, பொறி விழும் நேரமான டைமிங் பின்தங்குகிறது. கேமில் பட்டாணி அளவுகூட வேண்டாம், விரல் நுனியில் ஒட்டும் அளவு கிரீஸ் தடவினால் கட்டை நெடுநாள் வாழும். ஈரம்தான் பெரிய தொல்லை. மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பொட்டுகளின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் படிகிறது. செல்ஃப் சுற்றும், பொறி வராது. சுத்தமான தடித்த தாளைக் கீற்றாக வெட்டி, மூடிய பொட்டுகளுக்கு நடுவே இரண்டு முறை இழுத்தால் தாளில் சாம்பல் கோடு விழும். அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வருடத்துக்கு நான்கைந்து முறை மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த வேலை ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும். கிட்டுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அதன் பக்கம் நான் காணும் மிக வலுவான வாதம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரில் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால், பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாக மாறும். சென்சார் அந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் புஷ்ஷை மாற்றாமல் கிட்டை மாட்டுவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் தணிப்பது போன்றது.

இனி என் அனுபவம். மூன்றாண்டுகளுக்கு முன் என் வண்டிக்கு ஒரு கிட் மாட்டினேன். இரண்டு குளிர்காலம் குறை சொல்ல முடியாமல் ஓடியது. அடுத்த கோடையில் வேலி ஓரம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு இருமல்கூட இல்லாமல் எஞ்சின் நின்றது. காயிலுக்கு மின்சாரம் வந்தது; பொறி மட்டும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் எஞ்சினை நிறுத்திய பிறகு சாவியை அணைக்க மறந்து அரை மணி நேரம் விட்டிருந்தேன். காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாயிண்ட் இப்படிச் சாகாது. முதலில் கிளப்பச் சிரமம் கொடுக்கும், பிறகு பாரத்தில் இடறும், நின்றாலும் ஒரு சிறு அரத்தால் உரசிவிட்டால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். சென்சார் போனால் வேறொன்று மாட்டும்வரை வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அந்த வண்டியை ஒரு மாலையில் மறுபடி பாயிண்ட்டுக்கு மாற்றினேன். 1950-இல் வந்த 263844 என்ற வரிசை எண்ணுக்கு முந்தைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம், விசிறிக்குப் பின்னால் ஒடுங்கிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். காயில் அதன் தலையிலேயே இருக்கும். அங்கே குனிந்துகொண்டு பாயிண்ட் வைக்க முயல்வது வீண் வேலை. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் முழு டிஸ்ட்ரிபியூட்டரும் கைக்கு வந்துவிடும். கேம் உச்சியில், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குலத்துக்கு மேசையிலேயே சரிசெய்யலாம். ஷாஃப்ட்டின் நுனி மையம் தள்ளி அமைந்திருப்பதால் தவறாகத் திருப்பி வைத்தால் சரியாக உட்காராது. பின்னால் வந்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கிறது, இடைவெளி 0.025 அங்குலம், நின்றபடியே வேலை பார்க்கலாம்.

கிட் வாங்கும் பலர் கவனிக்காமல் விடுவது வோல்ட். 8என் பிறவியில் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த்; அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். கிட்டுகள் 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்துக்கு ஒன்று, 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு ஒன்று, அதிலும் முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கும் தனித்தனி. ஒயரை மாற்றிக் கொடுத்தால் சென்சார் அந்தக் கணமே போய்விடும். அதோடு 6 வோல்ட்டில் செல்ஃப் சுற்றும்போது மின்னழுத்தம் வெகுவாக இறங்கும். பாயிண்ட் அந்த மெலிந்த மின்சாரத்திலும் வேலை செய்துவிடும். சென்சாருக்கோ குறைந்தபட்சத் தேவை ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கேபிள் 12 வோல்ட் கார்களுக்கான மெல்லிய ரகமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டுக் கிட் போடுவது மூன்றாவது வழி. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், எர்த் மாற்றம், பல்ப் மாற்றம், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு குறைக்கும் ரெசிஸ்டர் என்று வேலை நீளும். முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் பழைய ரெசிஸ்டர் மட்டும் போதாது. கவனிக்காவிட்டால் காயில் வெந்துவிடும். செல்ஃப் மட்டும் எதையும் மாற்றாமலே அதே திசையில், முன்னைவிட வேகமாகச் சுற்றும். இந்த வேலையை முழுமையாகச் செய்தவர்களின் வண்டிகளில் கிட் நன்றாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் 1952 வண்டி அப்படித்தான்: பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டர், 12 வோல்ட், வருடத்தில் பாதி நாள் உறக்கம். அதற்குக் கிட்டே சரி என்று நானே பரிந்துரைத்தேன்.

என் 1949 வண்டி 6 வோல்ட்டிலேயே இருக்கிறது, வாரந்தோறும் ஓடுகிறது, பாயிண்ட்டில் ஓடுகிறது. உங்களுடையது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், கிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் 5-க்குக் கீழே போனால் அந்தப் பணத்தை முதலில் தடித்த கேபிளுக்கும் நல்ல எர்த்துக்கும் செலவிடுங்கள். அப்படியும் கிட் மாட்டுவதென்றால், கழற்றிய பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டியின் கருவிப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.