ரெண்டர் ஃபார்முக்குப் பணம் கட்டும் முன்: பிளேஸ்ஹோல்டரா, ஃபிளமென்கோவா, டெட்லைனா?

பத்து விநாடி ஷாட், விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டு முடிந்த படமாக்க, 6 நிமிடம் என்றால் ஒரே மெஷினில் சரியாக 24 மணி நேரம் ஓடும். அதே வேகமுள்ள மெஷின் மூன்று இருந்தால் 8 மணி நேரம்தான், மாலையில் போட்டுவிட்டுப் போனால் காலையில் தயார். ஆபீஸில் ராத்திரி சும்மா கிடக்கும் மெஷின்களை வைத்து இந்தக் கணக்கை முதலில் போடுங்கள், வாடகைக்கு ரெண்டர் செய்துதரும் ஃபார்ம் அப்புறம்.

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள் மட்டும்தான் என்றால், மெஷின்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் க்யூ மேனேஜரே இல்லாமல் ஆரம்பிக்கலாம். அவுட்புட் அமைப்பில் ஓவர்ரைட்டை எடுத்துவிட்டு பிளேஸ்ஹோல்டர்ஸை டிக் செய்து, எல்லா மெஷினிலும் ஒரே நெட்வொர்க் ஃபோல்டருக்கு ரெண்டர் விட்டால், ஒன்று எடுத்த ஃபிரேமை இன்னொன்று தொடாது. வீடியோவாக வேண்டாம், பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் படங்களாக எடுங்கள். ஒரே தொல்லை, ஏதாவது மெஷின் நடுவில் நின்றுவிட்டால் அது போட்டுவைத்த 0 கேபி ஃபைல் அப்படியே கிடக்கும், மற்ற மெஷின்கள் அதை முடிந்த ஃபிரேம் என்று நினைத்துத் தாண்டிவிடும். எனக்கு ஒருமுறை இது எடிட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் காலையில் வந்ததும் ஃபோல்டரை ஃபைல் அளவுப்படி அடுக்கிப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை.

மூன்று மெஷினைத் தாண்டினால் ஃபிளமென்கோ என்ற க்யூ மேனேஜருக்கு மாறிவிடலாம். பிளெண்டர்காரர்களே செய்தது, இலவசம், எல்லாவற்றையும் பிரவுசரிலேயே பார்க்கலாம். தோற்றுப்போன ஃபிரேமைத் தானே திரும்ப ஓட்டும். எனக்குப் பிடித்தது அதன் தூக்க அட்டவணை: பகலில் ஆர்ட்டிஸ்ட் வேலை செய்யும் மெஷினை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை விட்டுவிடு என்று சொல்லிவைக்கலாம்.

மாயா, ஹூடினி போன்ற 3டி மென்பொருள்கள், அர்னால்ட் போன்ற ரெண்டரர் (ரெண்டர் செய்யும் மென்பொருள்) எல்லாம் கலந்து ஓடும் இடத்துக்கு டெட்லைன் என்ற க்யூ மேனேஜர்தான் சரி. டேட்டாபேஸ், ரெப்போசிட்டரி என்று நிறுவும் வேலை அதிகம், ஒரு நாள் ஒதுக்க வேண்டும். ஆனால் அதில் லிமிட் என்று ஒரு வசதி இருக்கிறது. கையில் 2 லைசென்ஸ் என்றால் லிமிட்டை 2 என்று வைத்தால் போதும், மூன்றாவது மெஷின் லைசென்ஸ் தேடித் தோற்காமல் வேறு வேலையை எடுத்துக்கொள்ளும்.

லைசென்ஸில்தான் பலர் மாட்டுகிறார்கள். பிளெண்டரை எத்தனை மெஷினில் போட்டாலும் காசில்லை. மாயாவோடு வரும் அர்னால்டில் உட்கார்ந்து பார்க்கும் ரெண்டர் நன்றாக ஓடும், ஆனால் ஆள் இல்லாமல் பின்னணியில் ஓடும் பேட்ச் ரெண்டருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரேம் முழுக்க வாட்டர்மார்க் விழும். 240 ஃபிரேமும் அப்படி வந்து நிற்பதைவிட, லைசென்ஸ் கிடைக்காவிட்டால் ரெண்டரையே நிறுத்தும் அமைப்பை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸை ரெண்டர் மட்டும் செய்யும் மெஷினாக வைக்க அடோபியே வழி கொடுத்திருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து வாங்கிய பிளக்இன்களுக்கு ஒவ்வொன்றாகக் கேட்கத்தான் வேண்டும்.

அதே பட்டியலை ஃபார்ம்காரர்களிடமும் நீட்டுங்கள்: ரெண்டரர் லைசென்ஸ் வாடகைக்குள் வருமா, இந்த பிளக்இன் இதே வெர்ஷனில் இருக்கிறதா, இல்லாவிட்டால் என் லைசென்ஸை நான் கொண்டுவரலாமா. பதில் வந்த பிறகு ஷாட்டிலேயே கனமான 5 ஃபிரேமை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.