வேர்ல்ட் அத்லெடிக்ஸ் வீரர் பக்கங்கள்: மெர்லீன் ஓட்டியை வைத்து ஒரு சோதனை

ஒரு குறுந்தூர ஓட்டக்காரரின் கணக்கு வழக்கைப் பார்க்க இன்றைக்கு எல்லோரும் முதலில் போவது சர்வதேசத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸின் தளத்திலுள்ள வீரர் பக்கத்துக்குத்தான். காசு கட்ட வேண்டியதில்லை. எண்களுக்கு இதை நம்பலாம். ஆனால் எண்களை எப்படிப் படிப்பது என்று அந்தப் பக்கம் சொல்லித் தராது. அதைச் சோதிக்க ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். 1980 முதல் 2004 வரை 7 ஒலிம்பிக், 9 பதக்கம், அவற்றில் தங்கம் ஒன்றுகூட இல்லை.

முதலில் தேடல். 2002-க்குப் பிறகு அவர் ஸ்லோவேனியாவுக்காக ஓடினார். ஆகவே நாட்டு ஃபில்டரைத் தொடாமல் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். 1984 ஆவணங்களில் ஓட்டி-பேஜ் என்று கணவர் பெயரோடு இருக்கும். பழைய முடிவுப் பட்டியலோடு ஒப்பிடுகிறவர்கள் வேறு யாரோ என்று விட்டுவிட இடமுண்டு.

பக்கம் திறந்ததும் கண்ணில் படும் சொந்தச் சிறந்த நேரங்கள்: 100 மீட்டர் 10.74 (மிலான், 1996), 200 மீட்டர் 21.64 (பிரஸ்ஸல்ஸ், 1991). இவற்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், காற்றைப் பாருங்கள். விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. 10.74 ஓடியபோது காற்று 1.3, 21.64-க்கு 0.8. இரண்டும் சுத்தமான நேரங்கள். அனைத்துக்கால டாப் லிஸ்டில் பார்க்கும்போது காற்று ஃபில்டரில் சட்டப்படியானதை மட்டும் வையுங்கள். அதோடு ஒருவருக்கு ஒரு நேரம் என்ற தேர்வையும் எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். 1990-இல் செவில்லில் ஓடிய 10.78 அப்போதுதான் தலைகாட்டும். இரண்டுக்கும் இடையே 6 ஆண்டு. 10.74 ஓடியபோது அவருக்கு வயது 36. ஒரே ஒரு சிறந்த நேரத்தை மட்டும் காட்டும் பட்டியலில் இந்த நீளம் தெரியவே தெரியாது.

உள்ளரங்கு 200 மீட்டரைத் தேடிக் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு: இப்போது அதன் பெயர் ஷார்ட் டிராக். 1993-இல் லியெவானில் அவர் ஓடிய 21.87 அந்தத் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது, இன்னும் உலக சாதனையாகவே. 200 மீட்டர் சுற்றுள்ள பாதையில் இரண்டு இறுக்கமான வளைவுகளை முழுதாகச் சுற்ற வேண்டும். அப்படியும் வெளித்திடல் நேரத்துக்கு 0.23 விநாடிதான் பின்னால். என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த ஓட்டம் இதுதான். பக்கத்தில் அது பத்தோடு பதினொன்றாகக் கிடக்கிறது.

அடுத்தது, பதக்கங்களை வரிசைப்படுத்தும் ஹானர்ஸ் டேப். ஆள் தடுமாறுவது இங்கேதான். 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் வெள்ளி, 10.82. தங்கம் வென்ற கெயில் டெவர்ஸின் நேரத்தைப் பார்த்தால் அதுவும் 10.82. பிழை இல்லை. போட்டோ ஃபினிஷ் படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வாசிப்பார்கள். பிறகு அதிகாரபூர்வ நேரமாக எழுதும்போது நூறில் ஒரு பங்குக்கு எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குவார்கள். 10.811-உம் 10.812-உம் இரண்டுமே 10.82 ஆவது இப்படித்தான். நாம் பள்ளியில் படித்த வழியில் முழுமையாக்கினால் 10.81 வரும், குழப்பமும் வரும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 100 மீட்டரிலும் இதே டெவர்ஸ், இதே கதை. இருவருக்கும் 10.94, ஓட்டிக்கு வெள்ளி.

எதிர்த்திசையில் ஒரு பாடம் 1995 கோதன்பர்க் உலக சாம்பியன்ஷிப் 200 மீட்டர். ஹானர்ஸில் தங்கம், 22.12 என்று மட்டும் இருக்கும். கோட்டை முதலில் தாண்டியவர் க்வென் டோரன்ஸ். வளைவில் உள்பக்க லேன் கோட்டை மிதித்ததால், அதாவது ஓட வேண்டிய தூரம் குறைந்ததால், தகுதி நீக்கப்பட்டார். இதைத் தெரிந்துகொள்ள அந்தப் போட்டியின் முழு முடிவுப் பட்டியலுக்குப் போய், அடியில் நேரமில்லாமல் நிற்கும் பெயரைப் பார்க்க வேண்டும்.

சிட்னி 2000 ஒலிம்பிக் இன்னொரு வலை. 100 மீட்டரில் ஓட்டி நான்காவதாக, 11.19-இல் வந்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸின் தங்கம் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகு 2009-இல் ஒலிம்பிக் குழு வெண்கலத்தை ஓட்டிக்குக் கொடுத்தது. தங்கம் மட்டும் யாருக்கும் போகவில்லை, வெள்ளி இரண்டு பேருக்கு. 2009-க்கு முன் அச்சான எந்த நூலிலும் ஓட்டிக்கு 8 பதக்கம் என்றுதான் இருக்கும். 3 வெள்ளி, 6 வெண்கலம் என்பதே இப்போதைய சரியான கணக்கு. வெண்கல ராணி என்று அவரைக் கிண்டலும் மரியாதையுமாக அழைத்தவர்கள் உலக சாம்பியன்ஷிப்புகளில் அவர் எடுத்த 14 பதக்கங்களில் 3 தங்கம் இருப்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

குறைகள்? 1980-களின் தொடக்கத்துக்கு ரிசல்ட்ஸ் டேபில் ஓடிய எல்லா ஓட்டங்களும் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காக ஓடிய காலத்தை வேறு இடங்களில்தான் துழாவ வேண்டும். ஒலிம்பிக் ஓட்டங்களைச் சுற்றுச் சுற்றாகப் பார்க்க ஒலிம்பீடியா தளம் இதைவிட வசதி, அதுவும் இலவசம். வயதுப் பிரிவு சாதனைகளுக்கு, மூத்த வீரர்களுக்கான மாஸ்டர்ஸ் அமைப்பின் தனிப் பட்டியல் தேவை. 40 வயதில் தெசலோனிக்கியில் ஓடிய 10.99-இன் எடை அங்கேதான் புரியும்.

ரிலேக்கு இந்தப் பக்கம் சுமார்தான். அணியின் நேரம் கிடைக்கும், தனியொருவர் தன் பங்கை எவ்வளவில் ஓடினார் என்பது கிடைக்காது. 2012 ஹெல்சிங்கி ஐரோப்பியப் போட்டியில், 52 வயதில், ஸ்லோவேனியாவின் 4×100 அணியில் ஓட்டி ஓடினார். அந்தப் பட்டியலில் நாட்டின் பெயரைத் தட்டி உள்ளே போனால்தான் அவர் பெயர் வரும்.