உரைகல், காரட் மீட்டர், நீர் எடை: கடலோரப் புதையல் வெள்ளிக்காசுக்கு எது பொருந்தும்?

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் பெரியபட்டினம் வரை மண்ணில் உப்பு ஏறியிருக்கும். அந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்காகக் கிடந்த காசின் மேல்தோல் உள்ளே இருப்பதைச் சொல்லாது. காசு அசலா போலியா என்று அறியும் சோதனைகளை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

உரைகல்லை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காசில் கீறல் விழும். தெரிவதும் தோல் மட்டுமே.

எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும் நகைக்கடை காரட் மீட்டர் கீறாது, நொடியில் விடை தரும். ஆனால் அதன் கதிர் வெள்ளிக்குள் சில பத்து மைக்ரான்தான் நுழைகிறது. உப்பு மண் மேற்பரப்பிலுள்ள செம்பை மெல்ல அரித்துவிடுவதால், கலப்படக் காசும் சுத்த வெள்ளியாகத் தெரியும். தடித்த முலாம் பூசிய செம்புக்காசும் தப்பிவிடும். ஒன்றுக்கு மட்டும் அது கெட்டி: காட்மியம். 'கேடிஎம்' நகைப் பற்றவைப்பில் வருமே, அதேதான். 1817-ல்தான் கண்டுபிடிக்கப்பட்ட உலோகம் அது. காசின் உலோகத்திலேயே கலந்திருந்தால் அது இடைக்காலக் காசு இல்லை.

என் தேர்வு நீர் எடை. தராசில் காய்ச்சி வடித்த நீருள்ள குவளையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை, அடியும் பக்கமும் படாமல் முழுக மூழ்கவிடுங்கள். காற்றில் போட்ட எடையை இப்போது வரும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. டெல்லி சுல்தான்களின் வெள்ளிக்காசான தங்கா சுமார் 11 கிராம். சுத்த வெள்ளியானால் குவளையில் 1.05 கிராம் காட்டும், செம்புக்கு முலாம் பூசியதானால் 1.2-ஐ நெருங்கும். இதற்கு 0.01 கிராம் தராசு போதும். 1 கிராம் சில்லறைக் காசுக்கு 0.001 வேண்டும், இல்லையேல் பத்தில் ஒரு பங்கு பிழை.

ஒட்டிய காற்றுக்குமிழ், அரிப்பின் துளைகள், வெள்ளிக் குளோரைடுப் படலம் ஆகிய மூன்றும் நல்ல காசையும் போலியாகக் காட்டும். குமிழுக்கு ஒரு துளி சோப்புநீர் போதும். படலத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்தும் சேர்ந்து போய்விடும். செம்போடு ஈயம் கலந்து வெள்ளியின் அடர்த்தியை எட்டவும் முடியும் என்பதால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

புதையலில் கூட்டமாகக் கிடைப்பது பெரிய வசதி. காசுகளை இணையாக வைத்து லென்ஸில் பாருங்கள். ஒரே அச்சில் அடித்தவற்றில் அச்சின் கீறல் பொதுவாக இருக்கும். விளிம்பு நசுங்கலும் தேய்மானமும் ஆளுக்கொரு விதம். நசுங்கல்கூட அதே இடத்தில் இருந்தால் அவை ஒரே தாய்க்காசிலிருந்து வார்த்தவை. வார்ப்பின் தையலை மறைக்க விளிம்பில் அரம் போட்ட தடமும் தேடுங்கள்.

வெள்ளி குறைந்தாலே போலி ஆகாது. டெல்லி சுல்தான்களின் சிறுகாசுகளான ஜிட்டல்கள் அரசே செம்பு கலந்து அடித்தவை. அந்தக் காலத்திலேயே புழங்கிய போலிகளும் புதையலில் இருக்கும். அவற்றை எடுத்துப் போட்டுவிட்டால், ஊர்ச் சந்தையில் எது வெள்ளியாகக் கைமாறியது என்ற சான்றே போய்விடும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கும்போது, கிடைத்த பானையோடும் ஒட்டிய மண்ணோடும் அத்தனையையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.